இது ஜேர்மனி இல்லை

ஜேர்மனி
4.10.1995

என்றும் அன்புள்ள பிறேமாக்காவுக்கு,

மடுமாதாவின்ரை புண்ணியத்திலை உயிரோடை இருக்கிறன். நீங்கள், வின்சன்ற் அத்தான், பிள்ளை சுஜீவா மூண்டுபேரும் சுகமோ?

அக்கா, நான் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்திட்டன்! மொஸ்கோவிலையிருந்து பதினொரு பேர், லொறியிலை உருளைக்கிழங்கு மூட்டையளுக்குப் பின்னாலை ரெண்டு நாள். நேற்று விடியப்புறம் ஒரு காட்டிலை கதவைத் திறந்து, "ஜேர்மனி, ஜேர்மனி" எண்டு கையைக் காட்டிப்போட்டு டிறைவர் போயிட்டான். மற்றவை ஒரு வழிகாட்டியோடை நடந்திட்டினம். எனக்கு ஆணி குத்தின கால் வீங்கி, செருப்புக்குள்ளை போகாமல் கிடந்தது. "நீ பின்னாலை வா அண்ணை" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம்.

நொண்டி நொண்டி வந்தால் கட்டுக்கரைக்குளம் மாதிரி ஒரு பெரிய குளம். கரையிலை மீன்பெட்டி கழுவிக்கொண்டு நிண்ட ஒரு பொம்பிளை என்னைப் பெட்டியிலை இருத்தி, காலைக் கழுவி மருந்து கட்டினா. ஒரு பெரியவர் தொப்பியைத் தூக்கி "குட்டன் ராக்" எண்டு ஜேர்மன் பாசையிலை வணக்கம் சொன்னார். மொஸ்கோவிலை எழுத்தெல்லாம் தலைகீழாய்க் கிடந்தது, இஞ்சை ஏ, பி, சி. இனி என்ன சந்தேகம்?

உங்கட போன் நம்பர் எழுதின துண்டு வேர்வையிலை கரைஞ்சு போச்சு. விலாசம் மட்டும் பாடம். அத்தானை வாற ஞாயிறு காரோடை வரச்சொல்லுங்கோ. ஊரின்ரை பேர் எசெரேலே. குளத்தடி பஸ் நிக்கிற இடத்திலை வெள்ளனவே வந்து நிப்பன்.

உங்களைக் காணத் துடிக்கிற தம்பி,
கொட்வின்

*

எசன், ஜேர்மனி
17.10.1995

ஆசைத் தம்பி கொட்வினுக்கு,

உன்ரை கையெழுத்தைக் கண்டவுடனை எனக்குக் கால் கை ஓடேல்லை. நாங்கள் சுகம். உன்ரை கால் எப்பிடி? சீழ் பிடிக்க விட்டிடாதை.

கடிதத்தை வாசிச்சு நான் அழுதுகொண்டிருக்கேக்கை அத்தான் கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு மெல்லமாய்ச் சொன்னார், "பிறேமா, முத்திரையைப் பார். இது ஜேர்மனி இல்லை." சுஜீவா பள்ளிக்கூட அற்லசைக் கொண்டுவந்து விரலை வைச்சாள். தம்பி, நீ நிக்கிறது லித்துவேனியா எண்ட நாடு. அஞ்சாறு வருசத்துக்கு முன்னம் ரஷ்யாக்காரனிட்டையிருந்து பிரிஞ்சது. நடுவிலை போலந்து முழுக்கக் கிடக்கு. ஆயிரத்தைஞ்ஞூறு கிலோமீற்றர் வரும் எண்டு அத்தான் சொல்லுறார்.

அந்த ஞாயிறு நீ பஸ் நிக்கிற இடத்திலை எவ்வளவு நேரம் நிண்டிருப்பாய் எண்டு நினைக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

கவலைப்படாதை. கேக்க வேண்டிய ஆக்களிட்டைக் கேட்டு ஒரு வழி செய்வம். அதுவரைக்கும் அந்தச் சனத்தோடை நல்லபடி இரு. அத்தானும் பிள்ளையும் உன்னைச் சுகம் கேட்டவை.

உன்ரை அக்கா,
பிறேமா

*

எசெரேலே
6.11.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கால் ஆறிட்டுது, ஓடலாம். உங்களெல்லாரின்ரை சுகத்தையும் கடவுள் பாத்துக்கொள்ளட்டும்.

அண்டைக்கு வெளிச்சம் போகுமட்டும் பஸ்ஸடியிலை நிண்டனான். பஸ் ரெண்டு தரம் வந்து போச்சு. கடைசியிலை அல்டோனா, என்ரை காலுக்கு மருந்து கட்டினவ, வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. உங்கட கடிதம் வந்தபிறகு நான் அவவுக்குக் கையாலை "ஜேர்மனி இல்லையோ?" எண்டு காட்ட, தபால்காரி ரெகீனாவும் அவவும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சினம். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிச்சனானோ தெரியாது.

இது நாப்பது வீட்டுச் சின்ன ஊர். எல்லாம் மரவீடு. முந்தி அரசாங்கக் கூட்டுப்பண்ணை இருந்ததாம். அது குலைஞ்சபிறகு மீன்பிடி நிண்டுபோய், புகை போட்டு மீன் பதப்படுத்திற கொட்டிலும் பூட்டிக் கிடக்கு. கோயில் எங்கட கோயில் தான், கத்தோலிக்கம். நற்கருணை ஆசீருக்கு எங்கட ஊரிலை பாடிற அதே லத்தீன் பாட்டு "தாந்தும் எர்கோ" துவங்க, நானும் வாய்விட்டுப் பாடினன். முன்வாங்கிலை இருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. அதுக்குப் பிறகு பங்குத்தந்தை யோனாஸ் என்னைத் தன்ரை ஆள் எண்டு மாவட்டக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சு விட்டார். மாதாமாதம் போய்க் கையெழுத்து வைக்கவேணும், மற்றப்படி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.

இறந்த ஆத்துமாக்களின்ரை நாளிலை சவக்காலை முழுக்க மெழுகுதிரி. நானும் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ரெண்டு கொளுத்தினன்.

கொட்டிலுக்குள்ளை பழைய வலையள் எலி கடிச்சுக் கிடந்தது. சும்மா இருக்க ஏலாமல் எடுத்துப் பொத்தத் துவங்கியிருக்கிறன். இந்தச் சனத்தின்ரை பாசையிலை நன்றிக்கு "ஆச்சூ" எண்டு சொல்லுறது. நான் தும்மினாலும் "பரவாயில்லை" எண்டினம்.

அத்தானுக்கும் சுஜீவாவுக்கும் என்ரை அன்பு.
கொட்வின்

*

எசன்
4.12.1995

அன்புத் தம்பி,

சுகமாய் இருப்பாய் எண்டு நம்பிறன். இஞ்சை குளிர் துவங்கிட்டுது. எனக்குக் கொஞ்சம் முதுகு வலி. காலமை முதியோர் இல்லத்திலை துப்பரவு வேலை, பின்னேரம் இன்னொரு இடம். அதுதான் மறுமொழி பிந்திப்போச்சு.

ஒரு ஒழுங்கு செய்திருக்கிறன். வாற 20ஆம் திகதி பகல் பன்ரெண்டு மணிக்கு உங்கட மாவட்டப் பட்டினத்துப் பஸ் நிலையத்துக்கு ஒரு வெள்ளை வான் வரும். டிறைவர் நத்தார்த் தாத்தா தொப்பி போட்டிருப்பான். ஒண்டும் கேளாமல் ஏறு. நத்தாருக்கு நீ எசனிலை நிப்பாய்.

உனக்கு எண்டு அறை ஒண்டு ஒதுக்கி வைச்சிருக்கு. தம்பி வாறான் எண்டு தமிழ்ச் சங்கத்திலையும் கோயிலிலையும் எல்லாருக்கும் சொல்லியிட்டன். வந்திடு. கட்டாயம் வந்திடு.

சுஜீவா உனக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வைச்சிருக்கிறாள்.

அக்கா

*

எசெரேலே
9.1.1996

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருச வாழ்த்துக்கள். முதுகுக்கு எண்ணெய் பூசுறனீங்களோ?

அக்கா, மன்னிக்கவேணும். 20ஆம் திகதி எனக்குக் காய்ச்சல். எழும்ப ஏலாமல் போச்சு. உங்களை எவ்வளவு ஏமாத்திப்போட்டன் எண்டு தெரியும்.

இஞ்சை குளம் கல்லாய் உறைஞ்சிட்டுது. அதுக்கு மேலை குதிரை வண்டில் போகுது! பனிக்கட்டியிலை வரிசையாய்க் கிடங்கு வெட்டி, நீளத் தடியிலை கயிறைக் கட்டி, ஒரு கிடங்காலை விட்டு அடுத்த கிடங்குக்குத் தள்ளித் தள்ளிப் போறது. கயிறுக்குப் பின்னாலை வலை போகும். எங்கட ஊர் பேசாலையிலை இப்பிடிச் சொன்னால் என்னை விசர் எண்டுவினம். முதல் நாள் ஊர்ச்சனம் தங்கட பாட்டிலை இழுத்துச் சிக்குப்படுத்திச்சினம். நான் சத்தம் போட்டு, ஒரே ஓசையிலை ஏலேலோ பிடிச்சு இழுக்கவைச்சன். சூடை மாதிரிச் சின்ன வெள்ளி மீன், வலை முட்ட! மன்னாரிலை கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு அஞ்சு வருசம் வலை தொடாத கை அக்கா. உள்ளங்கை வெடிச்சு ரத்தம் வந்தது. எனக்கு நோகேல்லை.

கொட்டிலிலை திரும்பப் புகை போடினம். அல்டோனா தான் அதுக்குப் பொறுப்பு.

நத்தாருக்கு முதல்நாள் ஒரு வீட்டிலை சாப்பிடக் கூப்பிட்டவை. மேசையிலை வைக்கோல் பரப்பி, அதுக்கு மேலை வெள்ளைத் துணி. பன்ரெண்டு வகைச் சாப்பாடு, ஒண்டிலையும் இறைச்சியில்லை. ஒரு கோப்பை வெறுமனே இருந்தது. வரமுடியாமல் போன ஆக்களுக்காம். நான் உங்களை நினைச்சன்.

கோவிக்காதேங்கோ.
கொட்வின்

*

எசன்
2.2.1996

கொட்வினுக்கு,

சுகம். காய்ச்சல்காரன் எப்பிடி நாலாம் நாள் விருந்துக்குப் போனவன் எண்டு எனக்கு விளங்கேல்லை.

வான் ரெண்டு மணித்தியாலம் நிண்டதாம். 24ஆம் திகதி முழுக்க நான் ஜன்னலடியிலை நிண்டனான். நீ மீனைப்பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு அக்கா இருக்கிறாள், அவள் ஏன் இப்பிடி அந்தரப்படுறாள் எண்டு யோசிச்சியோ?

வேறை எழுத ஒண்டுமில்லை.

பிறேமா

*

எசெரேலே
1.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதத்தைப் பத்துத்தரம் வாசிச்சன். நீங்கள் பேசினது சரி. நான் பிழைவிட்டவன்.

ஆனால் ஒரு கேள்வி அக்கா. உங்கட எல்லாக் கடிதத்தையும் எடுத்து அடுக்கிப் பாத்தன். முதல் கடிதத்திலை அத்தான் முத்திரையைப் பாத்தார், சுகம் கேட்டவர் எண்டு கிடக்கு. அதுக்குப் பிறகு ஒரு கடிதத்திலையும் அத்தான் இல்லை. என்னைக் கூட்டிவர வான் ஒழுங்கு செய்ததும் நீங்கள், ஜன்னலடியிலை நிண்டதும் நீங்கள். அத்தான் எங்கை? அவருக்கு ஏதும் வருத்தமோ? என்னட்டை மறைக்காதேங்கோ.

இஞ்சை பனி உருகத் துவங்குது. பனிக்கட்டியிலை இனிக் கால் வைக்கக்கூடாது எண்டு அல்டோனா சொல்லுறா. வள்ளத்துக்குத் தார் பூசிறம்.

உங்கட மறுமொழி வருமட்டும் எனக்கு நித்திரை இல்லை.
கொட்வின்

*

எசன்
25.4.1996

ஆசைத் தம்பி,

ஆறு கிழமையாய் இதை எழுதிறதும் கிழிக்கிறதுமாய் இருந்தனான். இண்டைக்குச் சுஜீவா பள்ளிக்கூடம் போனவுடனை கதவைப் பூட்டிப்போட்டு இருந்து எழுதிறன்.

அத்தான் இஞ்சை இல்லை. போன கார்த்திகை கொலோனிலை வேலை எண்டு போனவர். முதலிலை கிழமைக்கு ஒருக்கால் வந்தார். பிறகு ஒரு நாள் வந்து உடுப்பெல்லாத்தையும் ரெண்டு பெட்டியிலை அடுக்கினார். "என்ன இது?" எண்டு கேட்டன். "அங்கை எனக்கு ஒரு வீடு இருக்கு பிறேமா" எண்டார். வீடு எண்டால் வீடு மட்டுமில்லை எண்டு எனக்கு விளங்கிச்சுது. சுஜீவா அறைக்குள்ளை கணக்குச் செய்துகொண்டிருந்தாள். சத்தம் போடாமல் அழவேண்டியிருந்தது.

கோயிலிலை கேக்கிறவைக்கு, அவருக்குக் கொலோனிலை சிஃப்ற் வேலை எண்டு சொல்லுறன். பிறேமாவின்ரை தம்பி வாறான் எண்டால் வீட்டுக் கதவிலை ஒரு ஆம்பிளையின்ரை பேர் இருக்கும், சனம் ஒண்டும் கதைக்காது எண்டு நினைச்சன். அதுதான் உன்னை அப்பிடி அவசரப்படுத்தினது.

இப்ப உனக்குத் தெரியும். இனி உன்ரை விருப்பம்.

உன்ரை அக்கா

*

எசெரேலே
10.5.1996

என்ரை அக்காவுக்கு,

நீங்கள் ஏன் இதைத் தனியச் சுமந்தனீங்கள்? நான் ஒரு மடையன், மீனைப்பற்றி எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன்.

நான் வாறன். 27ஆம் திகதி திங்கள் காலமை எட்டரை பஸ்ஸிலை வெளிக்கிடுறன். போலந்து எல்லையிலை ஒருத்தன் நிப்பான். போலந்து முடியிற இடத்திலை நைசே ஆறு. அதைக் கடந்தால் ஜேர்மனி. நான் கடலிலை வளந்தவன், ஆறு எனக்குப் பெரிசில்லை. பயப்படாதேங்கோ.

வலையளை அல்டோனாவிட்டை ஒப்படைச்சிட்டன்.

சுஜீவாவுக்குச் சொல்லுங்கோ, மாமா வாறான் எண்டு.
கொட்வின்

*

எசெரேலே
12.5.1996

(ஜேர்மன் மொழியில் வந்தது. அம்மாவுக்காகச் சுஜீவா தமிழில் எழுதியது.)

மதிப்புக்குரிய திருமதி பிறேமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் மகளும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்தேன். அது இருபது வருடத்துக்கு முன்னர். பிழைகளை மன்னியுங்கள்.

என் பெயர் அல்டோனா. வயது முப்பத்தாறு. என் கணவர் ஐந்து வருடங்களுக்கு முன் உழவு இயந்திரம் கவிழ்ந்து இறந்துபோனார். இங்கே புகைக்கொட்டிலில் வேலை செய்கிறேன்.

உங்கள் தம்பி இதை உங்களுக்குச் சொல்லமாட்டார். டிசம்பரில் அவருக்குக் காய்ச்சல் இல்லை. பையோடு பட்டினத்துக்குப் போனார். வெள்ளை வானைக் கண்டார். ஏறவில்லை. பதினெட்டுக் கிலோமீற்றர் பனியில் நடந்து திரும்பி வந்து கொட்டில் வாசலில் நின்றார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "பஸ் இல்லையா?" என்று கேட்டேன். "பஸ் இருந்தது" என்றார். பிறகு ஒரு கத்தியை எடுத்து என்னோடு மீன் வெட்டினார். ஈஸ்டர் முடிந்த பிறகு ஒரு நாள், நாங்கள் திருமணம் செய்யலாமா என்று கேட்டார். நான் ஆம் என்றேன். உங்கள் கடிதம் வந்த நாளில் அவர், "என் அக்கா தனியாக இருக்கிறாள்" என்றார். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவது குறைவு.

நான் அவரைத் தடுக்கவில்லை. அக்காவை விட்டுவிடுகிற மனிதரை நானும் விரும்பமாட்டேன். ஆனால் ஆற்றில் தண்ணீர் இன்னும் மிகக் குளிராக இருக்கிறது. எனக்குத் தண்ணீரைத் தெரியும். ஆகவே எழுதினேன். நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

வாழ்த்துக்களுடன்,
அல்டோனா

*

எசன்
24.5.1996

தம்பி கொட்வின்,

இப்ப தான் தபால் கந்தோரிலை உனக்குத் தந்தி அடிச்சுப்போட்டு வந்து இருக்கிறன். இந்தக் கடிதத்துக்கு முன்னம் அது உன்னட்டை வந்திருக்கவேணும். மாதாவே, வந்திருக்கவேணும்.

ஒண்டும் மறைக்காமல் எழுதிறன். நீ வாறன் எண்ட கடிதம் கிடைச்சு ரெண்டு நாள் நான் சந்தோசமாய்த் தான் இருந்தனான். உன்ரை அறைக்குத் திரைச்சீலைகூடத் தைச்சன். நேற்று அவவின்ரை கடிதம் வந்தது. சுஜீவா அதைத் தமிழிலை எழுதித் தந்துபோட்டு, "அம்மா, மாமா எங்களுக்காக ஆத்துக்குள்ளை இறங்கப் போறாரோ?" எண்டு கேட்டாள். போன புரட்டாதியிலை எங்கட சங்கத்திலை ஒரு பெடியனின்ரை அண்ணன் அதே ஆத்திலை மூழ்கிப் போனவன். செத்தவீட்டுக்கு நானும் போய்ச் சமைச்சனான். அது தெரிஞ்சும் உன்னை வா வா எண்டு கூப்பிட்டிருக்கிறன்.

உன்ரை கடிதங்களைத் திருப்பி வாசிச்சன். அல்டோனா எல்லாத்திலையும் இருக்கிறா. எனக்குக் கண் இருந்தும் தெரியேல்லை.

நான் சமாளிப்பன். இல்லத்துப் பொறுப்பாளர் போன மாசம் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் துப்பரவு செய்யிற நேரத்திலும் பாக்க முதியவையோடை கதைக்கிற நேரம் தான் கூட. பராமரிப்பாளர் அவுஸ்பில்டுங் படிப்புச் செய்யுங்கோவன்" எண்டவ. தம்பி வரட்டும் எண்டு சொல்லி ஒத்திவைச்சனான். இண்டைக்குத் தந்தி அடிச்ச கையோடை போய் அந்த விண்ணப்பத்திலை கையெழுத்து வைச்சிட்டன். மூண்டு வருசம். நாப்பதொரு வயசிலை படிப்பு. சுஜீவாவுக்கு ஒரே சிரிப்பு.

உடனை ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

அக்கா

*

எசெரேலே
9.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறன். சுகமாய் இருக்கிறன்.

திங்கள் காலமை பையோடை பஸ்ஸடியிலை நிண்டனான். அல்டோனாவும் வந்து நிண்டா. பாணும் புகைமீனும் பொட்டலம் கட்டித் தந்தா. பஸ் வந்தது. ஏறி இருந்திட்டன். பஸ் வெளிக்கிட்டு கோயில் திருப்பத்துக்கு வர, நடுறோட்டிலை ரெகீனா! சைக்கிளைக் குறுக்கை போட்டுப்போட்டு ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறா. டிறைவர் பேசிப்பேசி பிறேக் போட்டான். ரெகீனா ஏறி, மூச்சு வாங்க, "தெலெகிராமா!" எண்டு கடதாசியை நீட்டினா. இந்த ஊருக்குத் தந்தி வந்தால் ஒண்டில் செத்தவீடு, இல்லாட்டில் பிள்ளை பிறந்திருக்கவேணுமாம். அதுதான் கந்தோரைத் திறந்தவுடனை ஓடி வந்தவ.

இங்கிலிஸ் எழுத்திலை தமிழ். எழுத்துக்கூட்டி வாசிச்சன். "வராதே. அங்கேயே இரு. அல்டோனா எழுதினவ. எனக்குச் சந்தோசம். அக்கா."

பஸ்ஸிலை இருந்த சனம் என்ரை முகத்தைப் பாத்துச் சிலுவை போட்டுதுகள், ஆரோ செத்திட்டினம் எண்டு. நான் அப்பிடி அழுதனான். இறங்கித் திரும்பி நடந்தன். அல்டோனா இன்னும் பஸ்ஸடியிலை தான், முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவ. "அல்டோனா" எண்டு கூப்பிட்டன். திரும்பினா. என்ரை பையைப் பாத்தா. பிறகு முதல் வேலையாய் அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பறிச்சு, ஒரு மீனை எடுத்துத் தானே கடிச்சா. காலமை தொடக்கம் சாப்பிடேல்லையாம்.

அக்கா, பொய் சொன்னதுக்கு மன்னியுங்கோ. முறைப்படி இப்ப கேக்கிறன். அம்மா ஐயா இல்லை, எனக்கு நீங்கள் தான். சம்மதமோ?

கொட்வின்

*

எசன்
20.7.1996

ஆசைத் தம்பிக்கும் மச்சாள் அல்டோனாவுக்கும்,

ரெண்டுபேரும் சுகமாய் இருக்கவேணும். எங்களுக்கு ஒரு குறையுமில்லை. எனக்குப் படிப்பு ஐப்பசியிலை துவங்குது.

கோயிலிலை உண்மையைச் சொல்லிப்போட்டன். "வின்சன்ற் போட்டார். திரும்பி வரமாட்டார்." சனம் ரெண்டு கிழமை கதைச்சது, பிறகு அதுக்கு வேறை கதை கிடைச்சிட்டுது. நான் இப்ப முன்வாங்கிலை தான் இருக்கிறன். கதவிலை என்ரை பேரையும் சுஜீவாவின்ரை பேரையும் போட்டிருக்கு.

சம்மதமோ எண்டு கேட்டாய். நாளும் நான் பாத்திட்டன். ஆவணி 15, மடுத் திருவிழா நாள். அண்டைக்கு உங்கட ஊரிலையும் மாதா திருநாள், பூவும் மூலிகையும் கொண்டு கோயிலுக்குப் போவினம் எண்டு அல்டோனா எழுதினவ. அண்டைக்கே வையுங்கோ. எனக்கும் பிள்ளைக்கும் பயணப் பத்திரமும் விசாவும் கிடைச்சிட்டுது. 12ஆம் திகதி பஸ்ஸிலை வெளிக்கிடுறம்.

கொழும்பிலை சொல்லிச் செய்வித்த தாலியும் கூறைச்சீலையும் வந்திட்டுது. கூறை எப்பிடி உடுக்கிறது எண்டு மச்சாள் யோசிக்கவேண்டாம், நான் வந்து உடுத்திவிடுவன். தந்தை யோனாசிட்டை ஒண்டு மட்டும் சொல்லிவை. நீ தாலி கட்டேக்கை, பொம்பிளைக்குப் பின்னாலை நிண்டு அவவின்ரை தலைமயிரை விலத்தி, தாலிக்கொடியின்ரை கொழுக்கியைக் கொழுவிறது மாப்பிள்ளையின்ரை சகோதரி. அது என்ரை இடம். ஊர்ச்சனம் ஆரும் அதிலை வந்து நிக்கக்கூடாது. நான் வந்து சேருமட்டும் அதை ஒருத்தருக்கும் விட்டுக்குடாதை.

உங்கட அக்கா,
பிறேமா